துளிர் இல்லத்து நாட்கள்: ஒரு கயிறு, ஒரு குச்சி, ஒரு நோட்டு

இப்போதெல்லாம் 'புராஜெக்ட்' என்ற சொல்லைக் கேட்டாலே பெற்றோருக்குத்தான் முதலில் காய்ச்சல் வருகிறது. தெர்மாகோலும் சார்ட் பேப்பரும் வாங்க அப்பா கடைக்கு ஓடுகிறார். இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்து வெட்டி ஒட்டுவது அம்மா. காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போவது மட்டும் பிள்ளை. அந்தச் சிரமமும் வேண்டாம் என்று எரிமலை, சூரியக் குடும்பம் எல்லாவற்றையும் செய்தே விற்கிற கடைகளும் வந்துவிட்டன.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 'செய்து கற்பது' என்பதற்கு நம் நாட்டில் ஒரு நல்ல வரலாறு உண்டு. அதன் ஒரு சிறு பகுதியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால், நினைவு இருக்கும்போதே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

கையால் செய்து கற்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி அதைத்தான் முன்வைத்தார். தமிழ்நாட்டிலும் ஆதாரப் பள்ளிகள் வந்தன. நூல் நூற்பதும் தோட்டம் போடுவதும் பாடத்தின் பகுதியாயின. ஆனால் அறிவியல் பாடம் அப்போதும் மனப்பாடமாகவே இருந்தது. ஆக்சிஜன் தயாரிக்கும் படத்தை அழகாக வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கிய எங்கள் தலைமுறையில் பெரும்பாலோர் அந்தக் கண்ணாடிக் குடுவையைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

மாற்றம் வந்தது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில். 1972-இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு பரிசோதனையைத் தொடங்கின. பிள்ளைகளே செய்து பார்த்து, பார்த்ததை எழுதி, அதைப் பற்றி விவாதித்து அறிவியல் கற்பது என்பதுதான் திட்டம். டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து யஷ்பால் போன்ற விஞ்ஞானிகள் உதவிக்கு வந்தார்கள். 1978-இல் அது மாவட்டம் முழுவதற்கும் பரவியது.

அதே 1978-இல்தான் அரவிந்த் குப்தா என்ற இளம் பொறியாளர், கான்பூர் ஐஐடியில் படித்தவர், லாரி தயாரிக்கும் கம்பெனி வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே வந்தார். சந்தையில் அவர் கண்ணில் பட்டது சைக்கிள் வால்டியூப். நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காற்றடிக்கும் வாயில் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய் அது. அதைச் சிறு துண்டாக வெட்டி இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு கிடைக்கிறது. மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்தினால் அது அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்து அழுத்தினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் சதுரமும் நிமிர்ந்து நிற்கும். ஓட்டு வீட்டுக் கூரைச் சட்டத்தில் ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். செலவு சில்லறைக் காசுதான்.

தெற்கே கேரளத்தில் 1962-இலேயே சாஸ்திர சாகித்ய பரிஷத் தொடங்கிவிட்டது. 1970-இலிருந்து 'யுரேகா' என்ற சிறுவர் அறிவியல் இதழையும் அவர்கள் நடத்தினார்கள். தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் 1980-இல் பிறந்தது. 1987-இல் 'துளிர்' மாத இதழ் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி நாட்டின் ஐந்து முனைகளிலிருந்து அறிவியல் கலைப்பயணங்கள் புறப்பட்டன. அவை நவம்பர் 7-ஆம் தேதி, சர் சி.வி.ராமன் பிறந்த நாளன்று, போபாலில் கூடின. விஷவாயு நடந்து மூன்றாண்டுகூட ஆகாத போபால். அறிவியல் யாருக்காக என்ற கேள்வி அன்று வெறும் மேடைப் பேச்சாக இருக்கவில்லை.

'துளிர்' இதழைப் படிக்கும் பிள்ளைகள் கூடும் இடங்கள்தான் துளிர் இல்லங்கள். 'இல்லம்' என்றால் கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு திண்ணை, ஒரு கோயில் மண்டபம், ஒரு வேப்பமரத்தடி, எதுவாகவும் இருக்கலாம். நடத்துபவர்கள் பள்ளி ஆசிரியர்கள், தபால் ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், என்னைப் போன்ற வங்கிக் குமாஸ்தாக்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

நான் அப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிளையில் வேலை பார்த்தேன். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்த வேகத்தை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். இரவு வகுப்புக்கு வந்த அம்மாக்களின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களைச் சும்மா உட்கார வைக்க முடியுமா? எங்கள் ஊரில் துளிர் இல்லம் உருவானது அப்படித்தான். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஊரணிக் கரை மரத்தடியில் கூடுவோம்.

முதலில் செய்தது ஒரு குச்சி நடும் வேலை. மண்ணில் நேராக ஒரு குச்சியை ஊன்றி, நிழலின் நுனியில் கால் மணிக்கொரு தடவை கூழாங்கல் வைக்க வேண்டும். நண்பகல் 12 மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று எல்லாரும் பந்தயம் கட்டினார்கள். இல்லை. 12 மணி தாண்டியும் குறைந்துகொண்டே போய், கால் மணி நேரம் கழித்துத்தான் நின்றது. 'கடிகாரம் தப்பு' என்றான் ஒருவன். மூன்று கடிகாரம் வந்தன. மூன்றும் தப்பாக இருக்க முடியாதே! நம் கடிகாரம் காட்டுவது அலகாபாத் பக்கம் போகும் 82½ டிகிரிக் கோட்டின் நேரம், நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் தள்ளிப் போகிறது என்பதை அதன் பிறகு சொன்னபோது, அட்லஸை விரித்து அவர்களே கணக்குப் போட்டார்கள். கேள்வி முதலில் வந்துவிட்டால் பதில் எவ்வளவு சுலபமாக உள்ளே போகிறது என்பதை அன்று பார்த்தேன்.

அடுத்தது 1995 அக்டோபர் 24 சூரிய கிரகணம். ராஜஸ்தான் முதல் வங்காளம் வரை முழு கிரகணம், நமக்குப் பகுதி கிரகணம். 1980 பிப்ரவரி 16 கிரகணம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்று நாட்டின் பல ஊர்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அந்தப் பயம் பதினைந்து ஆண்டில் போய்விடவில்லை. சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பார்க்காமலே பார்க்க வழி உண்டு என்பதுதான் நாங்கள் சொன்னது. பிள்ளைகள் ஒரு மாதம் முன்பிருந்தே அட்டைப்பெட்டியில் ஊசித்துளை கேமரா செய்தார்கள். ஒரு பக்கம் ஊசி ஓட்டை, எதிர்ப்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவிய காகிதம்.

அன்று காலை ஒரு சிறுமியின் வீட்டில் அவளுடைய அப்பத்தா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். கூரை கீற்றுக் கூரை. ஓட்டை வழியே தரையில் விழுந்த வெளிச்ச வட்டங்கள் எல்லாம் பிறை பிறையாக மாறியிருந்தன. "அப்பத்தா, நீ சூரியனைப் பாக்க வேணாம், தரையைப் பாரு" என்றாளாம் பேத்தி. பார்த்த அப்பத்தா கொஞ்ச நேரம் கழித்துத் தானே வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நூற்றுக்கணக்கான பிறைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சமைத்த சோற்றில் போட்ட தர்ப்பையை மட்டும் அவர் எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கச் சொல்லவில்லை.

1993-இல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கியது. பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்து, தாங்களே ஆய்வு செய்து எழுத வேண்டும். மாவட்டம், மாநிலம் தாண்டினால் டிசம்பர் கடைசியில் தேசிய மாநாடு. அதே 1993-இல்தான் யஷ்பால் குழு, பிள்ளைகளின் புத்தகச் சுமையைவிடப் புரியாமல் படிக்கும் சுமையே பெரிது என்று மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தது.

எங்கள் பிள்ளைகள் எடுத்தது கிணறு. ஊரில் 11 கிணறுகளில் வாரம் ஒருமுறை தண்ணீர் மட்டத்தை அளப்பது என்று முடிவானது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, முழம் போட்டு அளந்தார்கள். முதல் வாரமே சண்டை. ஒருவன் முழம் வேறு, இன்னொருத்தி முழம் வேறு, கணக்கு ஒத்துப் போகவில்லை. தையற்கடையில் டேப் வாங்கிவந்து, கயிற்றில் கால் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டார்கள். அளவுக்கு ஏன் பொது அலகு வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடத்தை நான் பார்த்ததில்லை.

சித்திரை வெயிலில் எல்லாக் கிணறும் இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நடுவில் டிரான்ஸ்பார்மர் எரிந்து நான்கு நாள் கரண்ட் இல்லை. அந்த வாரம் மட்டும் தெருக் குடிநீர்க் கிணற்றில் தண்ணீர் இரண்டு முடிச்சு ஏறியிருந்தது. மழை இல்லை, பிறகு எப்படி? கிணற்றுக்கு அடுத்த வயலில் புதிதாகப் போட்ட போர்வெல் மோட்டார் அந்த நான்கு நாளும் ஓடவில்லை. நோட்டைப் பார்த்துப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். எனக்கு அந்த விடை முன்பே தெரியாது. எங்களில் யாருக்குமே தெரியாது.

இந்தச் செய்தி ஊருக்குள் போனதும் சூழ்நிலை மாறியது. போர்வெல் சொந்தக்காரர் செல்வாக்கு உள்ளவர். "பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று வந்து ஊரைக் கலைக்கிறீர்களா?" என்று ஆள் விட்டுக் கேட்டார். அவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, மறுநாள் அடுப்பெரிய வேண்டுமே. ஏழு பேரில் மூன்று பேர் மிஞ்சினார்கள். இதை நிறுத்திவிடலாமா என்று நாங்கள் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, நோட்டு எழுதும் பெண், எட்டாம் வகுப்பு, சொன்னாள்: "சார், நான் தினமும் அங்கதான் தண்ணி எடுக்கப் போறேன். போற வாக்குல முடிச்சை எண்ணிட்டு வர்றதை யாரு தடுக்க முடியும்?"

ஜூன் வரை எண்ணினாள். ஆய்வு மாவட்ட அளவைத் தாண்டவில்லை. போர்வெல்லும் நிற்கவில்லை. ஆனால் அந்தக் கிணற்றில் தண்ணீர் குறைவதற்குத் தெய்வக் குற்றம் காரணம் என்று பேசிக்கொண்டிருந்த தெருவில், அதற்குப் பிறகு பெண்கள் மோட்டார் ஓடும் நேரத்தைப் பற்றிப் பேசினார்கள். காலையில் மோட்டார் போடுவதற்கு முன்பே குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாற்றல் வந்து நான் வேறு ஊர் போன சில மாதங்களில் எங்கள் மரத்தடிக் கூட்டம் நின்றுபோனது. இதைத் தன்னார்வத்தின் பலவீனம் என்பார்கள், உண்மைதான். ஒரு ஆசிரியருக்கு மாற்றல், ஒரு மாணவனுக்கு வேலை, அத்தோடு ஒரு இல்லம் மூடிவிடும். அரசு ஏற்று நடத்தினால் மட்டும் நிலைக்குமா என்றால், ஆயிரம் பள்ளி வரை பரவிய ஹோஷங்காபாத் திட்டத்தை 2002-இல் மாநில அரசே நிறுத்தியது. அதனால் எது நீடித்தது என்ற கணக்கைவிட, என்ன மிஞ்சியது என்று பார்ப்பதே சரி.

2019 டிசம்பர் 26-இல் புதுக்கோட்டையில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. வடிகட்டிக் கண்ணாடியோடு கைக்குழந்தைக்காரிகள்கூட வெளியே நின்று பார்த்தார்கள் என்று அங்குள்ள பழைய நண்பர்கள் போனில் சொன்னார்கள். இந்த மாற்றம் தானாக வந்ததல்ல. பல நூறு திண்ணைகளிலும் மரத்தடிகளிலும் ஊசியால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளுக்கு அதில் பங்கு உண்டு.

கடையில் வாங்கும் எரிமலைக்கும் கிணற்றில் இறக்கிய கயிற்றுக்கும் உள்ள வித்தியாசம் செலவில் இல்லை. எரிமலை எப்படி முடியும் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். கயிறு என்ன சொல்லும் என்று பெரியவர்களுக்கும் தெரியாது. பெரியவருக்கும் விடை தெரியாத இடத்தில்தான் பிள்ளை உண்மையாகவே தேடத் தொடங்குகிறது.

நம்மைப் போல ஓய்வு பெற்றவர்களிடம் நேரம் இருக்கிறது, மாற்றல் உத்தரவும் இனி வராது. ஏப்ரலில் பேரப்பிள்ளைகள் வந்தால் மொட்டைமாடியில் ஒரு குச்சியை நேராக நிறுத்திப் பாருங்கள். கன்னியாகுமரியில் 10, 11 தேதி வாக்கிலும், புதுக்கோட்டையில் 17 வாக்கிலும், சென்னையில் 24, 25 வாக்கிலும் நண்பகலில் அதன் நிழல் காணாமல் போகும். உங்கள் ஊரில் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளிடம் ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்துவிட்டு, நீங்கள் குடையோடு பக்கத்தில் நில்லுங்கள்.