மணலும் மடியும் திரையும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பது அமெரிக்காவிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த வழக்கம் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மயிலாப்பூரிலோ அடையாறிலோ வாழும் ஒரு கிறித்தவக் குடும்பம் தன் ஐந்து வயதுக் குழந்தைக்குக் காணொளி வழியே நடக்கும் கிறித்தவப் பாடத்திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முற்பட்டால், "இதெல்லாம் நம் ஊரில் உண்டா?" என்றுதான் உற்றார் முதலில் கேட்பர். வரலாறு இக்கேள்விக்கு வைத்திருக்கும் விடை வியப்பானது.

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் கல்வியின் நிலை குறித்து ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். 1826 மார்ச் மாதத்தில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்துப் பள்ளிகளின் எண்ணிக்கை 12,498. சென்னை நகரக் கணக்கு தனித்து நிற்கிறது. பள்ளி சென்று படித்தோர் சுமார் 5,500 பேர். வீட்டிலேயே கற்றவர்களோ 26,900-க்கும் மேல். ஏறத்தாழ ஐந்து மடங்கு! இவ்வெண்ணில் பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே ஐயுற்றார். ஆயினும் உறவினரிடமும் தனி ஆசிரியரிடமும் வீட்டில் கற்போர் கணிசமானோர் என்பதை அவர் மறுக்கவில்லை. தரம்பால் 1983-இல் இவ்வாவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பின்னர் இச்செய்தி பரவலாக அறியப்பட்டது. ஆக, வீட்டுக் கல்வி சென்னைக்குப் புதிதன்று. கிறித்தவப் பாடத்திட்டம்? அதுவும் இந்நகரில் பழையதே.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787-இல் சென்னை வந்தார். 1789-இல் எழும்பூரில் தொடங்கிய இராணுவ ஆண் அனாதைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்த சிறுவர்கள் ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள். பலருக்குத் தாயார் இந்நாட்டுப் பெண்கள். விடுதியில் போதிய ஆசிரியர் இல்லை, இருந்தவர்களுக்கும் ஊக்கமில்லை. ஒருநாள் குதிரையில் சென்றுகொண்டிருந்த பெல், வழியில் ஒரு 'மலபார்' பள்ளியைக் கண்டார். தமிழரை அக்காலத்து ஆங்கிலேயர் அப்பெயராலேயே சுட்டினர். நம் திண்ணைப் பள்ளிதான் அது. சிறுவர்கள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர்.

விடுதிக்குத் திரும்பிய பெல், மணலில் எழுத்துக் கற்பிக்குமாறு தம் ஆசிரியர்களிடம் கூறினார். அவர்கள் இணங்கவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். சிறுவன் செய்துகாட்டினான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறை எழும்பூரில் முழுமையான பாடத்திட்டமாக வளர்ந்தது. பெல் 1796-இல் நாடு திரும்பி, மறு ஆண்டு லண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று அது பெயர் பெற்றது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். திண்ணைப் பள்ளியிலும் சமயம் இருந்தது. இறை வணக்கத்தோடுதான் முதல் எழுத்து தொடங்கும். பெல் மணலை எடுத்துக்கொண்டார். அந்த வணக்கம் இருந்த இடத்தில் ஆங்கிலத் திருச்சபையின் ஞானோபதேசத்தை வைத்தார். முறை அப்படியே நிற்க, சமயம் மாறியது.

இங்கிலாந்தில் நிகழ்ந்த சண்டையும் இது பற்றியதே. குவேக்கர் சமயத்தவரான ஜோசஃப் லங்காஸ்டர் ஏறத்தாழ இதே முறையில் பள்ளி நடத்தினார். எந்தத் திருச்சபையின் ஞானோபதேசத்தையும் அதில் கட்டாயமாக்கவில்லை. சாரா டிரிம்மர் என்ற எழுத்தாளர் 1805-இல் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1811-இல் பெல்லின் முறையைத் தழுவி, திருச்சபைக் கோட்பாட்டின்படி ஏழைகளுக்குக் கல்வி அளிக்கத் தேசியச் சங்கம் நிறுவப்பட்டது. 1832-இல் பெல் மறைந்தபோது அவர் முறையைப் பின்பற்றிய பள்ளிகள் பன்னிரண்டாயிரம் என்பர். செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மதராஸ் கல்லூரி' என்ற பெயரிலேயே ஒரு பள்ளி இன்றும் இயங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிறித்தவப் பாடம் சென்னை வீடுகளுக்குள்ளேயே நுழைந்தது. பருவம் எய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட இந்துப் பெண்களுக்கு, வீடு தேடிச் சென்று கற்பிக்கும் 'செனானா' பணியை மிஷன் பெண்மணிகள் மேற்கொண்டனர். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயப் போதகரின் மனைவியான அன்னா சத்தியநாதன் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். எழுத்தும் தையலும் வேண்டும் என்று கதவைத் திறந்த வீடுகளில், அவற்றோடு வேதாகமக் கதைகளும் நுழைந்தன. முன்னதை ஏற்றுப் பின்னதை விலக்க முயன்ற குடும்பங்களும் உண்டு. குழந்தை வளர்ப்பைப் பற்றி அன்னா எழுதிய நூலின் பெயர் 'நல்ல தாய்'. அதனை அவர் தமிழில் எழுதினார் என்பதே நமக்கு முக்கியம். சமயம் புதிதாயினும் தாயின் மடியும் மொழியும் பழையனவே.

1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அடையாறு வந்தார். கத்தோலிக்கரான அவரை அழைத்தது பிரம்மஞான சபை. ஓலைக் கொட்டகைகளில் நடந்த பயிற்சியில் 300-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். அவர் கொண்டுவந்த கருவிகளுள் ஒன்று மணற்காகிதத்தால் ஆன எழுத்துகள். குழந்தை விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லவேண்டும். விரல், வாய், அருகிலிருந்து கேட்கும் ஒருவர் என்ற மூன்றும் திண்ணையில் இருந்தவை, எழும்பூரிலும் இருந்தவை.

இனி இன்றைய திரைக்கு வருவோம். கிறித்தவ இல்லக் கல்வி உலகில் பெயர் பெற்ற அபேக்கா 1972-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துப் பென்சகோலாவில் தோன்றியது. அங்குள்ள பள்ளி வகுப்பறையைப் படம்பிடித்தே காணொளிப் பாடங்களை அளித்துவந்தது. கற்பிக்கும் துணிவில்லாத தாய்க்கு இது பெரும் துணை என்பதை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஒழுங்கு உண்டு, தெளிவான உச்சரிப்பு உண்டு, தான் நம்பும் வேதம் பாடந்தோறும் உண்டு. ஆனால் குழந்தை எழுத்தைத் திருப்பி எழுதினால் திரையிலுள்ள ஆசிரியைக்கு அது தெரியாது. அவர் எண்ணிக் காட்டும் நாணயம் சென்ட்; அவர் சொல்லும் நாட்டு வரலாறு வேறொரு நாட்டினுடையது. தமிழ் எழுத்து அங்கே இல்லை. வேதத்தை ஆங்கிலத்தில் மட்டுமே அறிந்த குழந்தை, தன் பாட்டியோடு தமிழில் செபிக்க எங்கே கற்கும்?

இத்தகைய பாடத்திட்டங்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் அவற்றின் சமயத்தைச் சுற்றியே நிகழ்கிறது. சமயம் வேண்டுவோர் வாங்குகின்றனர், வேண்டாதோர் ஒதுக்குகின்றனர். இந்நகரின் வரலாறு வேறொன்றையும் கேட்கச் சொல்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடத்தின் சமயம் மாறியது, மொழி மாறியது, மணல் காகிதமாயிற்று. குழந்தையின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் எந்தக் காலத்திலும் இல்லாமற்போகவில்லை. அவர் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோதும் பாடம் நடந்தது. எனவே காணொளிப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், அதன் வேதப் பகுதியை ஆராய்வதற்கு முன், அந்த நேரத்தில் வீட்டில் குழந்தையின் அருகே அமரப்போவது யார் என்பதையும், தமிழை யார் கற்பிப்பார் என்பதையும் முடிவு செய்துகொள்வது நல்லது. அவ்விரண்டுக்கும் விடை இருக்குமானால், திரையில் எந்த ஊர் வகுப்பறை தெரிந்தாலும் பெரிய கேடில்லை.