ஒப்புரவு: கடலூர், சிதம்பரம் மண்ணில் ஒரு சொல்லின் வரலாறு



இந்த நினைவுப் பொழிவில் 'ஒப்புரவு' என்ற சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறோம். திருக்குறளின் ஓர் அதிகாரத்துக்கே பெயரான சொல் இது. உலகத்தோடு ஒத்து வாழ்ந்து, தன்னிடம் இருப்பதை ஊருக்குப் பயன்பட வைப்பதை அங்கே குறிக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இச்சொல்லை எடுத்து வேறொன்றுக்கு வைத்தார்கள். பாவத்தால் கடவுளைவிட்டுப் பிரிந்த மனிதர், கிறிஸ்து வழியாக அவரோடு மீண்டும் உறவு கொள்வதே அவர்களுக்கு ஒப்புரவு. பாவசங்கீர்த்தனம் என்று அறியப்பட்டதைக் கத்தோலிக்கர் இன்று 'ஒப்புரவு அருட்சாதனம்' என்கிறார்கள்.

புராட்டஸ்டன்டுகளின் வேதாகமத்தில் இச்சொல் இரண்டு முக்கியமான இடங்களில் வருகிறது. ஒன்று, கடவுளோடு உறவாகும்படி பவுல் கொரிந்தியரைக் கேட்கும் இடம். மற்றொன்று, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் உன் சகோதரனிடம் போ என்று இயேசு மலைப்பொழிவில் சொல்லும் இடம். கடவுளுக்கும் சகோதரனுக்கும் ஒரே சொல்தான். அதிலும் சகோதரனே முதலில் வருகிறான். நம் மாவட்டத்தில் திருச்சபை வரலாறு இந்த வரிசையைக் காத்ததா, மாற்றிப் போட்டதா என்பதே நம் கேள்வி.

புராட்டஸ்டன்டு மிஷன் தரங்கம்பாடியில் 1706இலும், அதன் வழியில் கடலூரில் 1737இலும் தொடங்கியது. கடவுளின் முன் எல்லோரும் பாவிகள், எல்லோருக்கும் ஒரே மீட்பு என்று அது போதித்தது. ஆனால் தரங்கம்பாடி, தஞ்சாவூர் ஆலயங்களில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவர்கள் மறுபக்கமும் அமர்ந்தார்கள். திருவிருந்திலும் முன், பின் என்ற வரிசை இருந்தது. ஆண்டவரோடு ஒப்புரவானதற்கு அடையாளமான அப்பமும் இரசமும் சாதி வரிசையில் பரிமாறப்பட்டன.

1833இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமைகளை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னையிலும் தஞ்சாவூரிலும் ஆதிக்கசாதிக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பலர் சபையைவிட்டு விலகினார்கள். பின்னர் வந்த லுத்தரன் மிஷனில் அவர்களில் ஒரு பகுதியினருக்கு இடம் கிடைத்தது. லைப்சிக் மிஷன் என்று அறியப்பட்ட அந்த அமைப்பின் இயக்குநர் கார்ல் கிரவுல், சாதியைப் பெரிதும் சமூக வழக்கமாகவே கண்டார். சுவிசேஷத்தின் தாக்கத்தால் அது மெல்ல உதிரும், சட்டம் போட்டு விரட்டக் கூடாது என்பது அவர் வாதம். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் சாதியை விடாதவர்களைச் சபையில் ஏற்பதில்லை என்று தீர்மானித்தபோதும் லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை.

அந்த மிஷனுக்குள்ளேயே ஒருவர் மறுத்தார். அவர் கார்ல் ஓக்ஸ். சேர்ந்து உண்ண மறுப்பது வெறும் வழக்கமல்ல, விசுவாசத்தையே மறுப்பது என்று அவர் வாதிட்டார். இந்த வாதம் புதியதல்ல. அந்தியோகியாவில் யூதரல்லாதவரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, யூதர் சிலர் வந்ததும் பந்தியிலிருந்து விலகினார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். முதல் நூற்றாண்டிலேயே சோதனை பந்தியில்தான் நடந்திருக்கிறது. லைப்சிக் மிஷனைவிட்டு வெளியேறிய ஓக்ஸ், 1861இல் கடலூருக்கு மேற்கே மேல்பட்டாம்பாக்கத்தில் பணியைத் தொடங்கினார். டேனிஷ் மிஷன் சங்கம் அதை ஏற்றது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அங்கிருந்து வளர்ந்தது.

ஓக்ஸை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் ஒன்றையும் மறக்க மாட்டோம். இந்த விவாதம் பெரும்பாலும் ஐரோப்பிய மிஷனரிகளுக்கும் ஆதிக்கசாதிக் கிறிஸ்தவர்களுக்கும் இடையில் நடந்தது. சேரியிலிருந்து வந்து அந்தப் பந்தியில் பின்னால் நிறுத்தப்பட்டவர்கள் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது மிஷன் கடிதங்களில் அரிதாகவே வருகிறது. ஒப்புரவுக்கு இரு தரப்பு வேண்டும். ஒரு தரப்பின் குரலைக் கேட்காமலே அதன் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது.

இதே கேள்வி கிறிஸ்தவத்துக்கு வெளியே சிதம்பரத்தில் நந்தனாரின் உருவில் நிற்கிறது. பெரியபுராணத்தில் அவர் தில்லைக்குள் நுழையத் தீக்குளிக்க வேண்டியிருந்தது. கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திரம்' அச்சேறியதும், ஓக்ஸ் மேல்பட்டாம்பாக்கம் வந்த அதே 1860களின் தொடக்கத்தில்தான். கடவுள் நந்தனை விரும்பினார் என்று இரண்டு நூல்களும் சொல்கின்றன. ஆனால் பெரியபுராணத்தில் மாற வேண்டியவர்களாக அவரைத் தடுத்தவர்கள் காட்டப்படவில்லை. தன் உடலை எரித்துக்கொள்ள வேண்டியவர் நந்தனாகவே இருந்தார்.

சுவாமி சகஜானந்தர் (1890–1959) இரண்டு பக்கத்தையும் அறிந்தவர். திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார், வேதாகமத்தைக் கற்றார், மதம் மாற மறுத்தார். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். தீயில் இறங்க வைக்கப்பட்டவரின் பெயரில் சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்தும் விடுதிச் சோறும் கிடைத்தன. குறள் சொல்லும் ஒப்புரவு இதுதான் என்று நாம் கருதுகிறோம்.

இது முடிந்துபோன கதையல்ல. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008இல் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதையொட்டி அவர்கள் தாக்கப்பட்டார்கள். காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்கசாதிக் கத்தோலிக்கர் இருவர் இறந்தனர். ஒரே ஒப்புரவு அருட்சாதனம் பெற்றவர்கள் ஒரே ஆலயத்தில் சேர்ந்து இருக்க முடியவில்லை. அரசும் தன் பங்குக்கு, 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் வழி, கிறிஸ்தவரான தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமையை இன்றுவரை மறுக்கிறது. மதம் மாறியதால் சாதி போய்விட்டது என்பது அதன் கணக்கு. எறையூர் மக்களைக் கேட்டால் அந்தக் கணக்கு எவ்வளவு பொய் என்று தெரியும்.

நம்மில் நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் இருக்கிறோம். இரு தரப்பும் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை ஒன்று உண்டு. பிரிந்த உறவைச் சீர்செய்யும் பொறுப்பு, பிரித்தவருடையது. மன்னிக்கும்படி ஒடுக்கப்பட்டவரிடம் உபதேசிப்பதற்கு முன், கல்லறைச் சுவரை இடிக்கச் சொல்லுங்கள், தேர்ப்பாதையைத் திறக்கச் சொல்லுங்கள், சபையின் பள்ளிகளிலும் நிர்வாகத்திலும் உரிய இடத்தைத் தரச் சொல்லுங்கள். காணிக்கை அதுவரை பீடத்தின் முன்னாலேயே இருக்கட்டும். இயேசு சொன்னதும் அதைத்தான்.

மாணவர்கள் இன்னொரு வேலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்திலும் கடலூர் பழைய நகரிலும் சிதம்பரத்தைச் சுற்றிய சேரிகளிலும் முதியவர்கள் இருக்கிறார்கள். தம் பாட்டனும் பாட்டியும் ஆலயத்தில் எங்கே அமர்ந்தார்கள், எந்த வரிசையில் அப்பம் வாங்கினார்கள் என்று அவர்களால் சொல்ல முடியும். அதைக் கேட்டு எழுதுங்கள். கடிதங்களில் இல்லாத அந்தத் தரப்பு அப்போதுதான் வரலாற்றில் வந்து அமரும்.