கத்தரித்த கண்டம்

1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வண்டியூரிலிருந்து நாங்கள் கூட்டமாகக் கிளம்பித் தெப்பக்குளக் கரையோடு நடந்தே போனோம். ஊர்வலமும் அலங்காரமும் இன்று கலங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. அங்கே திரையிடப்பட்ட 'குமரிக்கண்டம்' என்ற விவரணப் படம் மட்டும் மறக்கவில்லை. அரசாங்கத்தின் பணம், முதலமைச்சர் எம்.ஜி.ஆரின் ஆதரவு, ப. நீலகண்டனின் இயக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. அந்த இருட்டில் நான் அழுதேன். இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்யதை.

கண்டங்கள் நகர்கின்றன என்ற விஞ்ஞானத்தையும் தெற்கே ஒரு கண்டம் மூழ்கியது என்ற நம்பிக்கையையும் அந்தப் படம் ஒன்றோடொன்று ஒட்டியது. ஒட்டிய இடத்தில்தான் மோசடி.

லெமூரியா தமிழர் கண்டதல்ல. மடகாஸ்கரின் லெமூர்களுக்கு இந்தியாவில் உறவு இருப்பதைப் பார்த்து (நம் தேவாங்கு அந்த வகையறாதான்) இடையில் நிலம் இருந்திருக்கவேண்டும் என்று 1864இல் ஸ்கிளேட்டர் ஊகித்தார். டார்வினின் ஜெர்மானியச் சீடர் ஹெக்கல், மனிதன் தோன்றியதே அங்கேதான் என்றார். ஆதிமனிதனின் எலும்புகள் அதிகம் அகப்படாத காலம். கடலுக்கடியில் போன நிலம் வசதியாக இருந்தது. பரிணாமவாதிகளே தற்காலிகமாகக் கொடுத்த முட்டு அது. 1960களில் கண்ட நகர்வு நிலைபெற்றதும் முட்டு தேவைப்படாமல் போயிற்று. நிலம் மூழ்கவில்லை, விலகியது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து ஏறக்குறைய 9 கோடி வருஷமாகிறது. நம் மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம். ஆக, லெமூரியாவைக் கொன்றதே கண்ட நகர்வுதான். கொன்றவனையே கூட்டிவந்து, ஆள் உயிரோடிருக்கிறான் என்று சாட்சி சொல்லவைத்தது படம்.

கடல் கொண்ட நிலம் இல்லாமலில்லை. 20,000 வருஷத்துக்கு முன் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது; இலங்கைக்கு நடந்தே போகலாம். ஆனால் அது கரை, கண்டமில்லை.

நீலகண்டனை மட்டும் குற்றம் சொல்வது நியாயமுமல்ல. பக்கத்து விளாச்சேரிக்காரரான சூரியநாராயண சாஸ்திரி 1903இலேயே குமரிநாடு பற்றி எழுதினார். அன்று அது நேர்மையான பிழை. லெமூரியா அப்போது ஐரோப்பியப் புத்தகங்களிலேயே இருந்தது. 1981இல் அந்தச் சமாதானம் செல்லாது.

2008இல் அமெரிக்காவில் 'எக்ஸ்பெல்ட்' என்றொரு படம் வந்தது. பரிணாமத்தை நேராகவே தாக்குகிற படம். விஞ்ஞானிகளிடம் 'கிராஸ்ரோட்ஸ்' என்று வேறு பெயர் சொல்லிப் பேட்டி வாங்கினார்கள். நாஜிக் கொலைக்கூடங்களுக்கு டார்வினிடமிருந்து வழி போடுவதற்காக, நலிந்தவர்கள் பிழைத்துப் பெருகுவது இனத்துக்குக் கேடு என்று அவர் 1871இல் எழுதிய பகுதியைப் பென் ஸ்டைன் வாசிக்கிறார். அந்த இரக்கத்தைக் கைவிட்டால் நம் இயல்பின் உயர்ந்த பகுதியே கெட்டுப்போகும் என்று டார்வின் தொடர்ந்து சொன்னதைக் காணோம். அங்கே டார்வினைப் பகைவனாக்கக் கத்தரித்தார்கள். நாம் அவருடைய சீடரைச் சொந்தக்காரராக்கக் கத்தரித்தோம். கத்தரிக்கோல் ஒன்றுதான்.

2018 ஜனவரியில், குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, டார்வின் தப்பு என்று மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் பேசினார். நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்கள் மறுத்து அறிக்கை விட்டன. நாங்கள் டீக்கடையில் விழுந்து விழுந்து சிரித்தோம். 'வடக்கத்தியான் புத்தி' என்றார் ஒரு நண்பர். சிரித்து முடித்தபின் 1981 ஞாபகம் வந்தது. அன்று எந்தக் கழகமும் அறிக்கை விட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் விடவில்லை. பல வருஷம் அந்தக் கண்டத்தைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

போன வருஷம் தங்கை மகனைக் கீழடிக்குக் கூட்டிப்போனேன். வண்டியூரிலிருந்து சிலைமான் தாண்டினால் வந்துவிடுகிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டுவரை போகிற குழிகள், எழுத்துக் கீறிய ஓடுகள். பையன் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இவுங்க குமரிக்கண்டத்துலருந்து வந்தவுங்களா மாமா?" என்றான். இல்லை என்றேன். தொண்டை கொஞ்சம் அடைக்கத்தான் செய்தது.