சித்தாள்கள் போட்ட பாதை

நீலகிரி மலை ரயிலின் வரலாற்றைத் தேடினால் முதலில் எண்கள்தான் வந்து நிற்கும். 1854இல் யோசனை, 1891இல் வேலை தொடக்கம், 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை, 1908இல் உதகமண்டலம். 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள். பன்னிரண்டரை அடி நகர்ந்தால் ஓரடி ஏற்றம். அந்த ஏற்றத்தில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளத் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம். அதை வடிவமைத்த சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட்டின் பெயராலேயே அந்த முறை இன்றும் அழைக்கப்படுகிறது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தாயிற்று.

எனக்கு இரும்பைவிட மண்ணைப் பற்றித்தான் கேள்வி. மலையைக் குடைந்த மண்ணைச் சுமந்தது யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய ரயில் வேலைகளில் குடும்பம் குடும்பமாகவே கூலிக்கு எடுத்தார்கள். ஆண் வெட்டினான், பெண்ணும் பிள்ளையும் கூடையில் சுமந்தார்கள். கூலி மட்டும் அவளுக்குக் குறைவு. தமிழில் அவளுக்கு இன்றும் வழங்கும் பெயர் சித்தாள். சிற்றாள் என்பதன் திரிபு. தலையில் சும்மாடும் அதன்மேல் ஒரு பாறைத்துண்டுமாக ஏறுகிறவள் எந்தக் கணக்கில் சிறிய ஆள் என்று வகுப்பில் கேட்பேன். ஆப்ட்டுக்குத் தண்டவாளத்தில் பெயர் இருக்கிறது. சித்தாளுக்குச் சொந்தப் பெயரே இல்லை.

சினிமா இந்த ரயிலில் பெண்ணை ஏற்றியது. 'உயிரே' படத்தில் அவள் பெட்டியின் கூரைமேல் ஆடினாள். 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தது. தொலைக்காட்சியில் பார்த்த நாங்கள் எல்லோரும் பிளாட்பாரத்தில் புரளும் அவனுக்காகவே அழுதோம். நினைவு திரும்பித் தன் வீட்டுக்குப் போகிற பெண்ணுக்காக ஒருவராவது மகிழ்ந்தோமா? இதை நான் சொன்னால் இன்றும் சில ஆண் நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள்.

இப்போது அது பெரும்பாலும் சுற்றுலா ரயில். குன்னூர்வரை ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, ஜன்னலோரத்தில் காமிராக்கள். ஆற அமர ஐந்து மணி நேரம் மலையேற வாய்ப்பிருப்பவர்களுக்கான பயணம் அது. தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்குப் பேருந்துதான். நகரப் பேருந்துகளில் 2021இலேயே வந்துவிட்ட கட்டணமில்லாப் பயணம் மலைப்பாதைகளுக்கு வர 2024 ஆயிற்று.