வடகோடிக்குச் செல்லும் வழி

இலங்கை முழுவதையும் குறிக்க விரும்புவோர் ‘பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை’ என்று கூறுதல் மரபு. தேவேந்திரமுனை தென்கோடி, பருத்தித்துறையை அடுத்த சக்கோட்டை முனை வடகோடி. பாறை நிறைந்த கரையைக் கண்ட போர்த்துக்கேயர் அதற்குக் கல்முனை என்னும் பொருள்படப் பெயரிட்டனர் என்பர். அதுவே பின்னர் ஆங்கிலேயர் நாவில் ‘பொயின்ற் பீட்றோ’ ஆயிற்று. பீட்றோ என்னும் பெருமகன் எவனும் அங்கு வாழ்ந்தானல்லன்!

கடலோடிகளுக்கு இம்முனை எளிதிற் புலப்படும் அடையாளம். தரைவழி வருவோர்க்கோ, முதலில் வன்னிப் பெருங்காட்டையும் பின்னர் ஆனையிறவுப் பரவைக்கடலையும் கடந்தாலன்றி வடகோடி இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர் திறையாகச் செலுத்தியவை யானைகள். அவை அந்நீரில் இறங்கிக் கரையேறி, யாழ்ப்பாணம் சேர்ந்து, கப்பலில் இந்தியாவுக்கு விற்பனையாகச் சென்றன. ஆனையிறவு என்னும் பெயரே அதற்குச் சான்று.

பின்னர் கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பெருந்தெரு அமைந்தது. 1905 இல் புகைவண்டியும் காங்கேசன்துறையை எட்டியது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக ஓடி மறையும். முறிகண்டிப் பிள்ளையார் முன்னிலையில் மட்டும் வண்டிகள் தாமாகவே நிற்பன போல நிற்கும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமற் செல்வோர் அரியர்.

1990 இல் அப்பாதை அடைபட்டது. வடக்கிலிருந்து வெளியேற வேண்டியவர்கள் இரவில் கிளாலியிற் படகேறினர்; பலர் மறுகரை சேரவில்லை. 2002 இற் பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. வடகோடி கப்பலிலோ விமானத்திலோ மட்டும் செல்லத்தக்க இடமாயிற்று. ஒரு தீவுக்குள்ளேயே அது மற்றொரு தீவானது.

2009 இற் போர் முடிந்து பாதை திறந்தபின், தெற்கிலிருந்து பெருங்கூட்டம் வடக்கே புறப்பட்டது. கிளிநொச்சித் தெருவோரம் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கியின் முன்னே நின்று படம் பிடித்தவர் பலர். மாங்குளத்திற் கிழக்கே திரும்பி, போரின் இறுதி நாள்களைச் சுமந்த முல்லைத்தீவுக் கரையை நோக்கிச் சென்றோர் சிலரே. பயணிக்கு வன்னி கடந்துபோகும் இடம். அங்குள்ளோர்க்கு அது இழந்து மீண்டும் உழத் தொடங்கிய நிலம்.

ஆனையிறவு தாண்டிக் கொடிகாமத்தில் வலப்புறம் திரும்பினால் வரணி வழியே பருத்தித்துறை. அங்கே 1916 இற் கட்டிய வெளிச்ச வீடு நிற்கிறது. கரையோரமாகச் சிறிது தூரம் மேற்கே சென்றால் சக்கோட்டை. அதற்கப்பால் தெரு இல்லை. கடலின் மறுகரையில், கண்ணுக்கெட்டாத் தொலைவில், கோடிக்கரை.