தெப்பத்தில் ஏறிய மைக் செட்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், நம்ம ஊர்த் தெப்பத்துக்கு இந்த வருஷம் புது சவுண்ட் சிஸ்டம் போடணும்கிறாங்க. கையில காசு கம்மி. நீங்க கமிட்டியில இருந்தப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேட்டான். போனில் இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. காரணம், தெப்பத்தின் ஒலிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் ஸ்பீக்கர் வாங்கினால் பணம் தண்ணீரில்தான் போகும். ஆகவே எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் டெல்டாவில் தெப்பம் என்றாலே திருவாரூர்க் கமலாலயம்தான் முதலில் நினைவுக்கு வரும். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். குளமே முப்பத்துமூன்று ஏக்கர் வருகிறது. பீப்பாய்களை அடுக்கிக் கட்டி, மேலே பலகை பரப்பி, கோபுரம் போல அலங்காரம் செய்த அந்தத் தெப்பத்தில் சுவாமி மட்டும் எழுந்தருளுவதில்லை. நாகஸ்வரமும் தவிலும் கூடவே ஏறுகின்றன. கேட்கிற ஜனங்களும் ஏறுகிறார்கள். கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்க, தெப்பம் குளத்தைச் சுற்ற, நடுவில் கச்சேரி நடக்கிறது. மிதக்கும் சங்கீத சபை என்றே சொல்லலாம். சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் பிறந்த ஊரில் இது பொருத்தம்தானே! அந்தத் தியாகராஜர்தான் ஓடத்தையே கதைக்களமாக வைத்து 'நௌகா சரித்திரம்' என்ற இசை நாடகமும் செய்தார்.

மன்னார்குடி ஹரித்ரா நதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் நதி, உண்மையில் குளம். ஏறக்குறைய 23 ஏக்கர். நீளம் 1158 அடி, அகலம் 837 அடி. காவிரியின் மகள் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனி மாதத்தில் அங்கே ராஜகோபாலனுக்குத் தெப்பம்.

இவ்வளவு பெரிய தண்ணீர்ப் பரப்பில், மின்சாரமே இல்லாத காலத்தில், நாலு கரையிலும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நாயனம் எப்படிக் கேட்டது? பிள்ளைகளிடம் நான் வகுப்பில் கேட்ட கேள்வி இது. இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், வாத்தியம். அந்தக் காலத்தில் வாசித்தது பெரும்பாலும் திமிரி நாயனம். நீளம் குறைவு, சுருதி அதிகம். நாலரை, ஐந்து கட்டை. தேரோடும் வீதியில், வாணவேடிக்கைக்கு நடுவில், ஜனக்கூட்டத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்றே அமைந்த வாத்தியம்.

இரண்டாவது காரணம், தண்ணீர். பகல் வெயிலில் தரை சூடாகும். தரையை ஒட்டிய காற்றும் சூடாகும். ஒலி மேல் நோக்கி வளைந்து போய்விடும். இரவில் குளத்து நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். அப்போது ஒலி கீழ் நோக்கி வளைந்து, நீர்ப்பரப்பை ஒட்டியே ஓடும். அசையாத தண்ணீர் ஒலியை விழுங்காது, திருப்பி அனுப்பும். இரவில் ஆற்றின் அக்கரையில் பேசுவது இக்கரையில் கேட்பது இதனால்தான். தெப்பத்தை இரவில் வைத்த நம் முன்னோர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பலன் கிடைத்தது என்னவோ உண்மை.

பிறகு ஒலிபெருக்கி வந்தது. 1919 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சான் டியாகோ நகரத்தில் ஒலிபெருக்கி வைத்து ஒரு பெருங்கூட்டத்தில் பேசினார். அதுவரை தொண்டை போன தூரம்தான் தலைவரின் பேச்சு. நம் நாட்டில் பம்பாயில் மோத்வானே குடும்பத்தார் நடத்திய 'சிகாகோ ரேடியோ' 1930-களில் காங்கிரஸ் கூட்டங்களுக்கு மைக் செட் போட்டது. பழைய புகைப்படங்களில் காந்திஜிக்கும் நேருஜிக்கும் முன்னால் 'சிகாகோ' என்று பெயர் எழுதிய மைக்கைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

நம் பக்கத்தில் 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. 1937-ல் அங்கே மின்சாரமும் எடுக்கத் தொடங்கினார்கள். குளத்துக்குத் தண்ணீர் கொடுத்த காவிரியே கரண்டும் கொடுத்தாள். ஆனால் கிராமங்களுக்குக் கம்பி வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. தெப்பத்துக்கோ கம்பி இழுக்கவே முடியாது, அது நகர்கிறதே! எனவே தெப்பத்தில் ஏறிய முதல் மைக் செட்டெல்லாம் கார் பேட்டரியில் ஓடியவைதான்.

இங்கேதான் குழாய் ஸ்பீக்கரின் மகிமை. நாம் இன்று அதைக் கண்டால் காதைப் பொத்திக்கொள்கிறோம். ஆனால் சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் தனக்குக் கிடைக்கும் மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும். குழாய் அதைப்போலப் பல மடங்கு ஒலியாக மாற்றும். குறைந்த பேட்டரியில் நிறையச் சத்தம். ஏழை நாட்டுக்கு ஏற்ற கருவி. அதனால்தான் கல்யாண வீடு, டூரிங் டாக்கீஸ், கட்சிக் கூட்டம், தெப்பம் எல்லா இடத்திலும் குழாய் ஏறியது.

அதற்கு ஒரு குறை உண்டு. கீழ் ஸ்தாயி ஒலி அதில் வராது. தவிலின் வலந்தலையில் விரல் கூடு போட்டு அடிக்கும் 'டக் டக்' வரும். இடது பக்கத் தொப்பியில் கழியால் அடிக்கும் கும்காரம் காணாமல் போகும்.

சரியாக இந்தக் காலத்தில்தான் நாயனமும் மாறியது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) திமிரியை விட்டு, நீளமான, சுருதி குறைந்த பாரி நாயனத்தைக் கையில் எடுத்தார். இரண்டு, இரண்டரை கட்டை. அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி சுத்த மத்தியமம் சரியாகப் பேசும் நாயனத்தைச் செய்து கொடுத்தார். ஆச்சா மரத்தில் கடைந்த அந்த நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை இந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். பாரியில் கம்பீரமும் குழைவும் கூடின. ஆனால் திமிரியின் வீச்சு அதற்கு இல்லை. மைக் என்ற ஒன்று வராதிருந்தால் பாரி நாயனம் இவ்வளவு சீக்கிரம் நிலைத்திருக்குமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மைக் நாயனத்துக்கு உபகாரமும் செய்தது என்பதை மறக்கக் கூடாது.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் சின்ன ஊர், சின்னக் குளம். இரண்டு நாள் தெப்பம். வாத்தியார் கணக்கில் ஏமாற்ற மாட்டார் என்ற நம்பிக்கையில் என்னைப் பொருளாளராகப் போட்டார்கள்.

முந்தின வருஷம் வெளியூரிலிருந்து ஒரு பெரிய செட் எடுத்திருந்தார்கள். தெப்பத்தில் நாலு பெட்டி, இரண்டு கரையிலும் ஆளுயரப் பெட்டிகள், தெப்பத்தின் பின்பக்கம் ஜெனரேட்டர். என்ன நடந்தது தெரியுமா? ஜெனரேட்டர் இரைச்சலை அமுக்க ஒலியைக் கூட்டினார்கள். கூட்டியதும் மைக் 'கீ'யென்று கூவியது. கரைப் பெட்டியிலிருந்து ஒரு தவில் அடி, தெப்பத்திலிருந்து அதே அடி சற்றுத் தாமதமாக. காலப்பிரமாணமே கலைந்துவிட்டது. எங்கள் ஊர் மேளக்காரப் பெரியவர் அரை மணி நேரம் பொறுத்தார். பிறகு நாயனத்திலிருந்து சீவாளியைக் கழற்றி வைத்துவிட்டு ஒத்துக்காரர் பக்கம் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்த வருஷக் கூட்டத்தில் பேச்சு வந்தது. "சவுண்டு பத்தல, இன்னும் பெரிய செட் எடுக்கணும்" என்றார்கள். பணம்? "மேளத்தை ஒரு நாளாக் குறைச்சுடலாம்" என்றார் ஒருவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேளம் கேட்பதற்காக மைக் வைத்தோம். இப்போது மைக்குக்காக மேளத்தை வெட்டுகிறோம்!

"இந்த ஒரு வருஷம் என்கிட்ட விடுங்க" என்று கேட்டு வாங்கினேன். நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னார்: "சார், சத்தத்தைக் கூட்ட வேணாம். அந்த இஞ்சினை இறக்குங்க. கரையில உள்ளதை எடுத்துடுங்க. தண்ணி மிச்சத்தைப் பாத்துக்கும்."

எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் மாணவன் ஒருவனைக் கூட வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு இதுதான்:

ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது கொஞ்சம்தான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றவே பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆக, காசைக் கொட்டினாலும் பலன் சிறிது. இரைச்சலைக் குறைப்பதுதான் மலிவு.

ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். ஹரித்ரா நதியின் 1158 அடி என்பது 353 மீட்டர். அதன் ஒரு கோடியில் தெப்பம் நிற்க, மறு கோடியில் ஸ்பீக்கர் இருந்தால், தெப்பத்தின் ஒலி ஒரு விநாடி தாமதமாக வந்து சேரும். எங்கள் குளம் சிறியது. ஆனாலும் துரித காலத்தில் வாசிக்கும் தவிலைக் கெடுக்கக் கால் விநாடியே போதும். ஆகவே ஒலி ஓரிடத்திலிருந்துதான் வர வேண்டும். அது தெப்பத்திலிருந்து.

12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரியில் கணக்குப்படி 1200 வாட் மணி இருக்கும். பாதியை மட்டும் எடுத்தால் பேட்டரி கெடாது. சராசரி 80 வாட் செலவானாலும் ஏழு மணி நேரம் தாங்கும். மைக் செட் கடைகளில் 12 வோல்ட்டில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் சாதாரணமாகவே கிடைக்கிறது. டிராக்டர் வைத்திருந்த இருவரிடம் இரண்டு பேட்டரி இரவல் வாங்கினோம். ஒன்று ஓட, ஒன்று காப்பாக. ஈரப் பலகையில் 230 வோல்ட் ஒயர் கிடந்த பயமும் போயிற்று. தெப்பத்தில் குழந்தைகளும் ஏறுகிறார்கள், இதை மறந்துவிடாதீர்கள்.

ஸ்பீக்கர் இரண்டே இரண்டு. நீள வாக்கிலான பெட்டிகள், உட்கார்ந்திருப்பவர் தலைக்குச் சற்று மேலே, கரையைப் பார்த்து, மைக்குக்கு முதுகைக் காட்டி. மைக்கும் இரண்டு. நாயனத்தின் அணசுக்குள் திணிக்காமல் ஒரு முழம் தள்ளி ஒன்று. தவிலின் தொப்பிப் பக்கம் ஒன்று. வலந்தலைக்கு வைக்கவில்லை, அது தானாகவே கரைக்குக் கேட்கும்.

ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், மைக் எல்லாம் பழையதும் புதியதுமாகச் சொந்தமாகவே வாங்கினோம். முந்தின வருஷ வாடகையில் பாதிகூட ஆகவில்லை. மிச்சத்தை மேளத்துக்கே கொடுத்தோம். இரண்டு நாளும் மேளம், இரண்டாம் நாள் கூடுதலாக ஒரு தவில்.

அன்று இரவு ஜெனரேட்டர் இல்லாத தெப்பம் கரையை விட்டு நகர்ந்தபோது முதலில் கேட்டது தண்ணீர் பீப்பாயில் மோதும் சத்தம். அப்புறம் ஒத்து. அப்புறம் பெரியவர் தோடியை எடுத்தார். மேலக்கரைப் படியில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, "இந்த வருஷந்தான் சார் நாயனம் வாசிச்ச மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் பாராட்டவில்லை. "அதிர்வே இல்லையே சார்" என்று இளைஞர்கள் குறைப்பட்டார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அவர்கள் கேட்டு வளர்ந்தது அது.

ஒரு சட்ட விஷயமும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. விழாக் காலத்தில் வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம். முன்கூட்டியே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் மகன்தான் வாசிக்கிறார். பேரன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். செட்டு பழுதானால் புதிது வாங்கிவிடலாம். மேளம் நின்றுபோனால் எந்தக் கடையில் வாங்குவது? என் மாணவனுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: பட்ஜெட் போடும்போது முதல் வரியில் மேளக்காரர் சம்பளத்தை எழுது. மிச்சம் இருப்பதில் மைக் செட் வாங்கு.

உங்கள் ஊர்த் தெப்பத்தில் என்ன ஏற்பாடு? அந்தக் காலத்துப் பேட்டரி செட் நினைவு யாருக்காவது இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.