கைமுக்கு முதல் கற்பூரம் வரை

குற்றம் செய்தவர் யாரெனத் துணிய இயலாதபோது, தீயையும் நீரையும் சாட்சியாக அழைத்த வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்தது. மெய்யனைத் தெய்வம் காக்கும் என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படையாகும். வடமொழி அறநூல்கள் இதனைத் 'திவ்யம்' என வழங்கும்.

தமிழகத்தில் இதற்குத் தக்க சான்று, இன்று குமரி மாவட்டத்தில் உள்ள சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலாகும். இந்திரன் பழி நீங்கித் தூய்மையுற்ற தலம் அது என்பது புராணம். ஒழுக்கக்கேடு சாட்டப்பட்ட நம்பூதிரி, அங்குக் கொதிக்கும் நெய்யில் கையை முக்குதல் வேண்டும். கை வெந்தால் குற்றவாளி. 'கைமுக்கு' எனப்பட்ட இக்கொடுமையைத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் ஒழித்தார்.

நாம் வாழும் மலேசிய மண்ணும் இதற்கு விலக்கன்று. நீரில் மூழ்குதலையும் கொதிக்கும் எண்ணெயில் கையிடுதலையும் பழைய மலாக்காச் சட்டத் தொகுப்பு குறிப்பிடுகின்றது.

கைமுக்கில் பழி சுமத்தியவன் கை குளிர்ந்திருக்க, சுமந்தவன் கையே வெந்தது. அந்நிலையை மாற்றியது சான்றின் வழி வந்த நீதியாகும். கூறுபவரே மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது, மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 101ஆம் பிரிவு.

எனினும், 'கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்' என்னும் குரல் நம்மிடையே இன்னும் ஓயவில்லை. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு வகுப்பறையில் பணம் காணாமற்போனால், ஐயம் பெரும்பாலும் ஏழை மாணவன் மீதே விழும். சான்றின்றி அவனைச் சத்தியம் செய்யப் பணிப்பதும் கைமுக்கே அன்றோ? அங்கே வேவது கையன்று, பிஞ்சு நெஞ்சம்.